குடலை அளந்தவர்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலோ குகையிலோ ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கறிக்கடை முன்னால் போய் நில்லுங்கள். உலகத்தின் மிகப் பழைய உடற்கூற்றியல் வகுப்பை இலவசமாகப் பார்க்கலாம். கறிக்கடைப் பாய் ஒரு கையில் குடலின் நுனியைப் பிடித்து மறு கையால் உருவுகிறார். உள்ளே இருந்தது வெளியே போகிறது. வெந்நீரில் ஒரு முக்கு. "சின்னக்குடல் மட்டும் போதுமா, பெருசும் சேத்துப் போடட்டுங்களா?" என்று கேட்கிறார். ஆட்டின் சிறுகுடல் இருபது மீட்டரைத் தொடும் என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்லும். நாமக்கல்லில் 1985 முதல் அதற்கென்று ஒரு கல்லூரியே இருக்கிறது. பாய்க்கு அந்த எண்ணால் ஒரு பைசாவும் கிடைக்காது, செட்டுக்கு இவ்வளவு என்று விற்றுவிட்டுப் போகிறார். குடலை அளந்து பார்க்கும் ஆசை, வயிறு நிறைந்தவனுக்கு மட்டுமே வரும் ஆசை.

இரண்டாயிரத்து முந்நூறு வருஷமாக அந்த ஆசை வந்தவர்களின் கதையை இங்கே கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் சொல்லப் போகிறேன். கோபித்துக்கொள்ள அவர்களில் பெரும்பாலானோர் உயிரோடு இல்லை.

முதல் ஆள் ஹெரோஃபிலஸ். கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த கிரேக்க வைத்தியர். எகிப்தியர்கள் செத்தவர்களின் குடலை எடுத்துத் தனியாக ஜாடியில் போட்டு, அதற்குப் பருந்துத் தலைச் சாமி ஒன்றைக் காவலுக்கும் வைத்துப் பழகியவர்கள். பிணத்தை அறுக்கப் போகிறேன் என்று ஒருவர் கத்தியோடு வந்து நின்றால் வேறு ஊராயிருந்தால் கட்டிவைத்து அடித்திருப்பார்கள். அங்கே ராஜாவே ஆள் கொடுத்தார். சிறையிலிருந்து குற்றவாளிகளை வாங்கி உயிரோடேயே கீறினார்கள் என்று பிற்காலத்தில் ரோமாபுரியின் செல்சஸ் எழுதிவைத்தார். அது நிஜமா வதந்தியா என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். இரைப்பையை விட்டு இறங்கியதும் வருகிற முதல் துண்டை அளக்க ஹெரோஃபிலஸிடம் டேப் இல்லை, விரலை வைத்தார். பன்னிரண்டு விரற்கடை. அதையே பெயராகவும் சூட்டினார். இன்றைக்கு 'டியோடினத்தில் புண்' என்று டாக்டர் சீட்டில் எழுதினால், அது அந்தப் பன்னிரண்டு விரற்கடைதான். யாருடைய விரல் என்று கேட்கக்கூடாது. இப்போதைய கணக்கில் அந்தத் துண்டு 25 செ.மீ. வருகிறது, ஆகவே மனுஷர் ஏமாற்றவில்லை.

அவருக்குப் பின் ரோமாபுரியில் காலன் வந்தார். அங்கே மனிதப் பிணத்தைத் தொடக்கூடாது. அவர் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து, மனிதனுக்கும் இப்படித்தான் என்று எழுதிவிட்டார். ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு வாரம் தங்கவிட்டிருந்தால் இன்னும் பத்து நூல் சேர்த்து எழுதியிருப்பார். 1543இல் வெசாலியஸ் வந்து 'ஐயா, இது குரங்கு' என்று எடுத்துக்காட்டும் வரை ஐரோப்பா 1,300 வருஷம் அந்தக் குரங்கைத்தான் மனிதன் என்று நம்பியது.

நம் நாட்டுச் சுஸ்ருதர் வேறு வழியில் போனார். பிணத்தைப் புல்லாலும் நாராலும் சுற்றிக் கூண்டில் போட்டு, ஓடுகிற ஆற்றில் ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் கட்டிவிட வேண்டும். ஏழு ராத்திரி கழித்து எடுத்து, வெட்டிவேரும் மூங்கிலும் கொண்டு செய்த பிரஷ்ஷால் மெல்ல மெல்லத் தேய்த்தால் தோல் முதல் உள்ளுறுப்பு வரை அடுக்கடுக்காகத் தெரியும். கத்தியே வேண்டாம். நம் திருமணிமுத்தாற்றில் இதைச் செய்து பாருங்கள் என்று யாருக்கும் யோசனை சொல்லமாட்டேன். சாயக்கழிவும் சாக்கடையும் ஓடுகிற ஓட்டத்தில் ஏழு ராத்திரி தேவைப்படாது, மறுநாள் கூண்டு மிஞ்சினாலே பெரிது.

ஆனால் சுஸ்ருதரின் கணக்கைப் பார்த்து நான் அசந்துதான் போனேன். குடல் ஆணுக்கு மூன்றரை வியாமம், பெண்ணுக்கு அரை வியாமம் குறைவு என்கிறார். வியாமம் என்பது இரண்டு கையையும் நீட்டி விரித்த அளவு. கிணற்றுக் கயிற்றை அளக்க நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் 'பாகம்' அதுதான். போட்டுப் பார்த்தால் ஆறு மீட்டருக்குச் சற்றே மேல். இளம்பிள்ளைச் சேலை ஒன்றை ரவிக்கைத் துணியோடு விரித்துப் போட்டால் என்ன நீளமோ, அது. இன்றைய பாடநூலும் சிறுகுடலுக்கு ஏறத்தாழ அதைத்தான் சொல்கிறது. ஆளுக்கு ஆள் மாறும், நாலு மீட்டர்க்காரரும் உண்டு, எட்டு மீட்டர்க்காரரும் உண்டு. செத்தபின் தசை தளர்ந்து நீளம் கூடும். சராசரியில் பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு என்பதையும் அறுவை மேஜையில் அளந்தவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஓட்டை விழுந்த குடலைத் தைக்கவும் அவர் ஒரு வழி வைத்திருந்தார். கிழிந்த இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளை விட்டுக் கடிக்கவைக்க வேண்டும். கடித்த உடனே உடம்பைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும், தலை மட்டும் கவ்விக்கொண்டு நிற்கும். பிறகு குடலை உள்ளே தள்ளி வயிற்றைத் தைக்கலாம். எறும்பின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிஸ்டர், ஆட்டுக்குடலிலிருந்து செய்த நூலைக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்துத் தையலுக்குப் பயன்படுத்தினார். ஆட்டின் சிறுகுடலை வைத்து மனிதனின் சிறுகுடலைத் தைக்கலாம் என்றானது. குகை பாய்க்கு இந்தச் சேதி போயிருந்தால் அன்றைக்கே செட்டு விலை ஏறியிருக்கும்.

உள்ளூர்ப் பங்களிப்பு ஒன்றும் உண்டு. சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை, அடிவாரத்தில் சித்தர் கோயில். அமாவாசைக்குக் கூட்டம் நெரியும். அங்கே சொல்லும் கதையில், குருவுக்குச் சோறு பொங்கிய சீடர் கரண்டி கிடைக்காமல் ஏதோ ஒரு மூலிகைக் குச்சியை ஒடித்துக் கிளறினாராம். சோறு கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. திட்டு விழுமே என்று பயந்து அத்தனையையும் தானே தின்றுவிட்டார். தின்றவர் வாலிபனாகிவிட்டார். குளித்துவிட்டு வந்த குரு விஷயம் தெரிந்து, கக்கு என்றாராம். கக்கியதைத் தானும் சாப்பிட்டு அவரும் இளமையானாராம். பக்தர்கள் கோபிக்கவேண்டாம், நான் பார்க்கிற கோணம் உடற்கூறு. சோறு இரைப்பையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குள் இறங்கும், முழுக்க இறங்கி முடிய இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். இறங்கி உறிஞ்சப்பட்டுவிட்டால் எந்தக் குருவாலும் திரும்ப வாங்க முடியாது. அந்தக் குரு நேரம் தெரிந்து குளித்திருக்கிறார்.

ஐரோப்பியர்களுக்குக் குடல் என்பது புறம்போக்கு நிலமாகத் தெரிந்தது. வந்தவனெல்லாம் ஒரு துண்டை வளைத்துப் பெயர்ப்பலகை நட்டான். 1670இல் கெர்க்ரிங் உள்ளே இருந்த மடிப்புகளுக்குப் பட்டா வாங்கினார். 1677இல் பேயர், கடைசித் துண்டில் இருக்கும் திட்டுகளுக்கு. 1687இல் புருன்னர், முதல் துண்டின் சுரப்பிகளுக்கு. பேயரும் புருன்னரும் ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுஸன் என்ற ஒரே வட்டாரத்துக்காரர்கள். அங்கே வெப்ஃபர் என்று ஒரு பெரிய வைத்தியர், புருன்னருக்கு மாமனார். மாமனார் வீட்டுச் செல்வாக்கில் இடம் பிடிப்பது நம்மூரோடு நின்றுபோன விஷயம் இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 1745இல் லீபர்க்யூன் குழிகளை எடுத்துக்கொண்டார். 1809இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்து மெக்கல், நூற்றில் இரண்டு பேருக்கு மட்டும் சிறுகுடலில் பிதுங்கி நிற்கும் ஒரு பையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். இவர் குடும்பத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். அவருடைய அப்பாவும் உடற்கூற்று ஆசிரியர். தான் செத்தபின் தன்னை அறுத்து எலும்புக்கூட்டை வீட்டு மியூசியத்தில் நிறுத்தவேண்டும் என்று எழுதிவைத்துப் போனார், நிறுத்தினார்கள். சொத்துத் தகராறில் அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத எத்தனையோ வீடு பார்த்திருக்கிறேன். அப்பனை ஹாலில் நிறுத்திவைத்த வீடு அது ஒன்றுதான்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். அடுத்ததாகக் குடலை அளக்க வந்தவர் எங்கள் ஜில்லாவுக்கே அளவு எடுத்தவர்.

1876இல் மழை பொய்த்தது. தாது வருஷம். சேலம் ஜில்லா அன்றைக்கு ஓசூர் முதல் நாமக்கல் வரை நீண்டு கிடந்தது. ராகியும் கம்பும் சோளமும்தான் சனங்களின் சாப்பாடு, மூன்றும் வரவில்லை. 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் வைஸ்ராய் லிட்டன், விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று அறிவித்து தர்பார் நடத்தினார். 68,000 பேருக்கு ஒரு வாரம் விருந்து என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கையைத் துடைத்த கையோடு, சென்னை மாகாணத்தில் நிவாரணச் செலவு எல்லை மீறுகிறது, போய் அடக்கு என்று சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார்கள்.

டெம்பிளுக்கு ஒரு பழைய புண் இருந்தது. 1874இல் பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை லட்சக்கணக்கான டன் இறக்குமதி செய்து சனங்களைக் காப்பாற்றியவர் இதே மனிதர்தான். செத்தவர்கள் மிகச் சிலர். அதற்கு லண்டனில் கிடைத்த பரிசு வசவு, பணத்தை வாரி இறைத்த ஊதாரி என்று. ஊரைக் காப்பாற்றித் திட்டு வாங்கியவருக்கு இந்த முறை நல்ல பெயர் வேண்டும். குதிரையில் ஜில்லா ஜில்லாவாகப் பறந்தார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே கொஞ்சம் சில்லறை என்று கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். அதைச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்கவேண்டும், கல் உடைக்கவேண்டும். இது ஒரு பரிசோதனை என்பது அவர் வாதம். ஹெரோஃபிலஸ் விரலை வைத்து அளந்தார், சுஸ்ருதர் கையை விரித்து அளந்தார், டெம்பிள் அளந்தது குதிரை மேலிருந்து.

எதிர்த்து நின்றவர் சென்னை மாகாணச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ். இந்த மனுஷர் 1863இலேயே மாகாணத்து மக்கள் என்ன தின்கிறார்கள், எவ்வளவு தின்கிறார்கள் என்று விசாரித்து அறிக்கை எழுதியவர். வெள்ளைக்கார அதிகாரிகளில் களியைப் பற்றி யோசித்த சிலரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பவுண்டில் உயிர் நிற்காது, சிறைக் கைதிக்குக் கூட நீங்கள் இதைவிடக் கூடுதலாகப் போடுகிறீர்கள் என்று காகிதத்துக்கு மேல் காகிதமாகச் சண்டை போட்டார். அவர்கள் பேசியதை நம்மூர்ப் பாஷையில் நானாகப் போட்டால் இப்படி வரும்: "ஏனுங்க டாக்டர், ஒரு பவுண்டு பத்தாதுங்கறதுக்கு என்ன ருசு?" "ருசுவெல்லாம் குழியில கெடக்குதுங்க, வாங்க காட்றேன்."

காட்டவும் செய்தார்கள். சென்னை நிவாரண முகாம்களில் செத்தவர்களை டாக்டர் அலெக்சாண்டர் போர்ட்டர் அறுத்துப் பார்த்தார். பிறகு 1889இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். பட்டினியில் செத்தவர்களின் குடல் மெலிந்து, உட்சுவர் தேய்ந்து கிடந்தது. இதன் காரணம் இப்போது நமக்குத் தெளிவாகத் தெரியும். சிறுகுடலின் உள்பக்கம் முழுக்க விரல் போல முளைத்து நிற்கும், ஒரு மில்லிமீட்டர் கூட உயரமில்லாத குடலுறிஞ்சிகள். சாப்பாட்டை ரத்தத்துக்குள் வாங்குவது அவைதான். அவற்றின் மேல்தோல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை முழுக்கப் புதுசாக வேண்டும். புதுசாக்கச் சோறு வேண்டும். சோறு இல்லையென்றால் தேய்ந்தது தேய்ந்ததுதான். அதற்கப்புறம் முகாமில் கஞ்சி ஊற்றினாலும் உறிஞ்ச ஆளில்லை, கஞ்சி பேதியாகப் போகும், ஆளும் போவான். முகாமுக்கு வந்து, சாப்பிட்டு, அதன் பிறகு செத்தவர்களைப் பார்த்து 'இவனுக்குத்தான் சோறு போட்டோமே' என்று அதிகாரிகள் முழித்ததற்கு விடை அந்த ஒரு மில்லிமீட்டரில் இருந்தது.

1877இலேயே சென்னை அரசு கூலியைத் திரும்ப உயர்த்தியது. டெம்பிள் அதே வருஷம் பம்பாய் கவர்னராகப் பதவி உயர்ந்து போய்விட்டார். செலவை மிச்சப்படுத்திய புண்ணியம். சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871இல் 19 லட்சத்து 67 ஆயிரம், 1881இல் 16 லட்சம். செத்தவர்கள், பிழைப்புத் தேடிப் போனவர்கள், பிறக்காமல் போனவர்கள் எல்லாம் சேர்ந்த கணக்கு அது. லண்டன் மேயர் நிதி திரட்டிப் பணம் அனுப்பினார், அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

அதே லண்டனில் 1902இல் ஒரு மாமன் மச்சான் ஜோடி சிறுகுடலைக் கையில் எடுத்தது. பேலிஸும் ஸ்டார்லிங்கும். ஸ்டார்லிங்கின் தங்கச்சியைக் கட்டியவர் பேலிஸ். ஸ்டார்லிங்கின் அப்பா பம்பாயில் வக்கீல் உத்தியோகம் பார்த்தவர் என்பது கொசுறு. ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டுக்குப் போகும் நரம்பையெல்லாம் அறுத்துவிட்டு உள்ளே அமிலம் ஊற்றினார்கள். நரம்பு இல்லாமலே கணையம் சுரந்தது. குடலின் உட்சுவரைச் சுரண்டி, மணலோடு அரைத்து, வடிகட்டி, ரத்தத்தில் ஏற்றினார்கள். மறுபடி சுரந்தது. குடல் ரத்தத்தின் வழியாகக் கடுதாசி போடுகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். அந்தக் கடுதாசிக்கு ஹார்மோன் என்று 1905இல் ஸ்டார்லிங் பெயர் வைத்தார். எல்லாம் நரம்புதான் என்று சாதித்துக்கொண்டிருந்த ரஷ்யாவின் பாவ்லவ், தன் ஆட்களையும் செய்துபார்க்கச் சொல்லி, பார்த்து, அவர்கள் சொல்வது சரி என்று ஒத்துக்கொண்டார். நம் பட்டிமன்றங்களில் இப்படி ஒரு நடுவரை நான் பார்த்ததில்லை.

மறுவருஷம் பேலிஸ் வகுப்பில் ஒரு பழுப்பு நாயை அறுத்துக் காட்டியபோது ஸ்வீடனிலிருந்து வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். நாய்க்கு மயக்கமருந்து ஒழுங்காகத் தரவில்லை என்று எழுதினார்கள். அதை மேடையேறிப் பேசியவர் மேல் பேலிஸ் மானநஷ்ட வழக்குப் போட்டு 2,000 பவுண்டு வாங்கினார். எதிர்ப்பக்கம் சும்மா இருக்குமா, 1906இல் பாட்டர்ஸியில் நாய்க்குச் சிலை வைத்தது. மருத்துவ மாணவர்கள் சிலையை உடைக்கக் கிளம்பினார்கள், தெருச்சண்டை, தடியடி, சிலைக்குப் போலீஸ் காவல். 1910இல் 120 போலீஸ்காரர்கள் சூழ விடிவதற்குள் சிலையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாய்க்காக ஒரு நகரம் நாலு வருஷம் அடித்துக்கொண்டது. நாய் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பவுண்டுக் கூலிக்காக அங்கே ஒரு ஜன்னல் கண்ணாடியாவது உடைந்திருந்தால் மனசு ஆறியிருக்கும்.

எங்கள் சமவெளி அதற்குப் பிறகு குடலோடு வேறு மாதிரி ராசியானது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் மலேயாவைப் பிடித்ததும் ஜவ்வரிசி வருவது நின்றது. 1943இல் சேலத்து மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த தொழில் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து, குச்சிக்கிழங்கு மாவிலேயே ஜவ்வரிசி உருட்டினார். இன்றைக்கு ஆத்தூர், ராசிபுரம் பக்கம் சேகோ ஆலைக் களங்களில் காய்வது அதன் வாரிசு. வெறும் மாவுச்சத்து. சிறுகுடலுக்கு அதைவிட லேசான வேலை கிடையாது, உடைத்துச் சர்க்கரையாக்கி உள்ளே அனுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். அதற்கு வேலை கொடுக்கத்தான் நாமக்கல்காரர்கள் முட்டை போட்டார்கள் போலிருக்கிறது.

அளப்பவர்கள் ஓயவில்லை. சிறுகுடலை மடிப்பு, உறிஞ்சி எல்லாம் சேர்த்து விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் வரும் என்று வெகுகாலம் பாடநூல்களில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2014இல் ஸ்வீடனின் ஹெலாண்டரும் ஃபாண்ட்ரிக்ஸும் மறுபடி கணக்குப் போட்டு, அதெல்லாம் இல்லை, சுமார் 30 சதுர மீட்டர், அரை பாட்மிண்டன் மைதானம் என்று முடித்தார்கள். குறைந்துபோன அந்த மைதானத்திலும் பெரும்பங்கு குடலுறிஞ்சிகளால் கிடைப்பது.

நாமக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே முதல் வருஷம் படிக்கும் பிள்ளைகள் கெர்க்ரிங் மடிப்பு, பேயர் திட்டு, புருன்னர் சுரப்பி, லீபர்க்யூன் குழி என்று மனப்பாடம் செய்கிறார்கள். அத்தனை பேருக்கும் பலகை இருக்கிறது, குடலுறிஞ்சிக்கு மட்டும் யார் பெயரும் இல்லை. காலி மனை. கண்ணுகளா, என்னைக் கேட்டால் அதைக் கார்னிஷ் பெயரில் எழுதிவிடலாம். பரீட்சையில் மட்டும் அப்படி எழுதிவிடாதீர்கள், மார்க் போய்விடும்.